பார்க்காதவர்களின் சாட்சியம்

பிட்ஸ்பர்க் நகரில் பல ஆண்டுகளாக வசித்துவரும் என் கல்லூரித் தோழர் ஒருவர், தம் பக்கத்து வீட்டு முதியவரைப் பற்றி அவ்வப்போது தொலைபேசியில் சொல்வதுண்டு. முதியவர் உருக்காலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடப்பட்டபின் கிடைத்த வேலைகளைச் செய்து காலம் தள்ளியவர். 1972ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி நடந்த ஒரு கால்பந்தாட்டத்தை மைதானத்தில் அமர்ந்து பார்த்தவர் என்பதே அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் முதல் தகவல். எந்த வரிசையில் அமர்ந்திருந்தார், முன்னிருந்தவர் எந்த நிறத்தில் தொப்பி அணிந்திருந்தார், கடைசி நொடிகளில் யார் யாரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்றெல்லாம் விரிவாகச் சொல்வாராம். ஒருநாள் அவர் உள்ளே போன சமயத்தில் அவருடைய மனைவி தோழரிடம் மெல்லச் சொல்லியிருக்கிறார்: "அன்று இவர் தம் அண்ணன் வீட்டுக் கார்க்கொட்டகையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்."

தோழர் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். இந்த வயதில் இப்படி ஒரு பொய் எதற்கு என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது பொய்தானா என்ற கேள்வி அன்றிலிருந்து மனத்தில் கிடக்கிறது. அவருக்கு அப்போது சொல்ல முடியாமல் போன பதிலாகவே இதை எழுதுகிறேன்.

பிட்ஸ்பர்க் என்றதும் நம்மவர்களில் பலருக்கு நினைவுக்கு வருவது 1970களில் அங்கே பென் ஹில்ஸ் குன்றின்மீது எழுந்த வேங்கடேசுவரர் கோயில். அமெரிக்கர்களுக்கோ அவ்வூர் என்றால் எஃகும் கால்பந்தும்தான். கால்பந்து என்று நான் குறிப்பிடுவது அமெரிக்கக் கால்பந்தை. பெயரில் இருக்கும் காலுக்கு ஆட்டத்தில் வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிந்து பிடிப்பதுமே பிரதானம். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இவ்வளவு தெரிந்தால் மேற்கொண்டு படிக்கப் போதும். பருவத்தின் வழக்கமான ஆட்டங்கள் முடிந்தபின் தேறிய அணிகள் மட்டும் மோதிக்கொள்ளும் சுற்றுக்குப் 'பிளே-ஆஃப்' என்று பெயர். அதில் தோற்றால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான்.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 1933இல் தொடங்கப்பட்ட அணி. நாற்பதாவது பருவமான 1972 வரை ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்தில்கூட வென்றதில்லை. 1947இல் அச்சுற்றை எட்டியபோது ஃபிலடெல்ஃபியாவிடம் 21–0 என்று தோற்றுத் திரும்பியது. அவ்வூரில் தோல்வி என்பது தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும் சொத்தாக இருந்தது. அப்படிப்பட்ட அணி 1972 டிசம்பர் 23 அன்று தன் சொந்த மைதானமான திரீ ரிவர்ஸில் ஓக்லண்ட் ரெய்டர்ஸை எதிர்கொண்டது.

ஆட்டத்தின் பெரும்பகுதி சுவாரசியமற்றது. ஆர்வமுள்ள ரசிகர்களே அதை ஒப்புக்கொள்கிறார்கள். இரண்டு ஃபீல்டு கோல்கள் மூலம் பிட்ஸ்பர்க் 6–0 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் பதின்மூன்று நொடிகள் இருக்கும்போது, மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த கென் ஸ்டேப்ளர் 30 கெஜம் ஓடி டச்டவுன் அடித்தார். ஓக்லண்ட் 7–6. நாற்பதாண்டு வழக்கம் மாறவில்லை என்று ஊர் எழுந்து வீட்டுக்குப் புறப்படத் தயாரானது. அணியின் உரிமையாளர் ஆர்ட் ரூனி, தோற்ற பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்வதற்காக மின்தூக்கியில் ஏறிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்.

மீதி 22 நொடிகள். பிட்ஸ்பர்க்குக்கு அது நான்காவது, அதாவது கடைசி முயற்சி. பந்து அவர்களுடைய 40 கெஜக் கோட்டில். டெரி பிராட்ஷா துரத்தப்பட்டு, தப்பி, நடுக்களத்தில் நின்ற ஜான் ஃபுக்வாவை நோக்கிப் பந்தை எறிந்தார். பந்து வந்த அதே கணத்தில் ஓக்லண்டின் ஜாக் டேட்டம் வந்து ஃபுக்வாமீது மோதினார். பந்து யார் மீதோ பட்டுப் பின்னோக்கித் தெறித்தது. எதிரணியைத் தடுத்து நிற்பதே தன் வேலையாக இருந்த பிராங்கோ ஹாரிஸ் என்ற முதலாண்டு ஆட்டக்காரர், பந்து போன திசையில் சும்மா ஓடி வந்துகொண்டிருந்தவர், அது தரையைத் தொடும் முன் கணுக்கால் உயரத்தில் அள்ளிக்கொண்டு இடது ஓரமாக எல்லைவரை ஓடிவிட்டார். ஐந்து நொடிகள் மிச்சம். இறுதிக் கணக்கு 13–7.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஆட்டத்தைவிட அதன் சாட்சிகளின் நிலை. எறிந்த பிராட்ஷா எறிந்த மறுகணமே கீழே தள்ளப்பட்டுவிட்டார், அவர் பார்க்கவில்லை. உரிமையாளர் ரூனி மின்தூக்கிக்குள் இருந்தார், அவரும் பார்க்கவில்லை. பந்தைப் பிடித்த கணம் தம் நினைவில் இல்லை என்று ஹாரிஸே சொல்லியிருக்கிறார். ஓடத் தொடங்கியதும் எல்லையருகே ஒருவரைக் கையால் தடுத்ததும் நினைவிருக்கின்றன, இடையில் உள்ளது வெறும் வெற்றிடம். நடந்தது என்ன என்று உறுதியாகத் தெரிந்திருக்கக்கூடியவர் ஃபுக்வா. அவரோ அரை நூற்றாண்டாக, சிரித்துக்கொண்டே, சொல்ல மறுத்துவந்திருக்கிறார்.

அவர் சொல்வதற்கு அப்போது பெரும் விலை இருந்தது. எறியப்பட்ட பந்தை ஒரே அணியின் இருவர் அடுத்தடுத்துத் தொடக் கூடாது, இடையில் எதிரணியினர் ஒருவர் தொட்டிருக்க வேண்டும் என்பது அக்காலத்து விதி. பந்து டேட்டம்மீது பட்டிருந்தால் பிட்ஸ்பர்க் வென்றது. ஃபுக்வாமீது மட்டும் பட்டிருந்தால் தோற்றது. (அந்த விதியை 1978இல் நீக்கிவிட்டார்கள்.) நடுவர்களுக்கே உடனடியாகத் தெளிவில்லை. தலைமை நடுவர் ஃபிரெட் ஸ்வேரிஞ்சன் களத்தை விட்டு ஓரத்துக்குப் போய், மேலே செய்தியாளர் மாடத்தில் இருந்த நடுவர்களின் மேற்பார்வையாளர் ஆர்ட் மெக்நாலியுடன் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து, டச்டவுன் என்று கைகளை உயர்த்தினார். அந்தத் தொலைபேசியில் என்ன பேசினார்கள் என்பது தனிக் காவியம். களத்தில் இறங்கியிருந்த கூட்டத்திடமிருந்து எங்களைக் காப்பாற்ற எத்தனை போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள் என்று நடுவர் கேட்டதாக ஓக்லண்ட் தரப்பில் ஒரு கதை உண்டு. நல்ல கதை. நம்ப எனக்கு மனமில்லை. கேட்க மட்டும் விருப்பம்.

இனி நகரத்து மக்களுக்கு வருவோம். திரீ ரிவர்ஸில் அன்று சுமார் 50,000 பேர் இருந்தார்கள். மற்றவர்கள்? சொந்த ஊரில் நடக்கும் ஆட்டத்தை அவ்வூர்த் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது என்ற தடை அப்போது நடைமுறையில் இருந்தது. நுழைவுச் சீட்டுகள் முழுவதும் விற்றுத் தீர்ந்திருந்தாலும் தடை தடைதான். சீட்டுகள் முன்கூட்டியே விற்றுவிட்டால் காட்டலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது அடுத்த ஆண்டு, 1973இல். ஆகவே அந்தப் பிடிப்பை கலிஃபோர்னியாவில் இருந்தவர்கள் நேரலையில் பார்த்தார்கள். பிட்ஸ்பர்க்கில் தம் வீட்டில் இருந்தவர் பார்க்கவில்லை. தடை எட்டாத தொலைவில் இருந்த ஊர்களுக்குக் காரோட்டிப் போய் விடுதி அறை எடுத்துப் பார்த்தவர்கள் சிலர். எஞ்சிய நகரம் முழுவதும் வானொலியின் முன் அமர்ந்திருந்தது.

கேட்டதை வைத்துக் கண்ட காட்சியை உண்டாக்கிக்கொள்ள வேண்டிய நிலையில் ஒரு நகரமே இருந்தது என்று இதற்குப் பொருள். வானொலியில் ஒரு குரல் உடைகிறது. கூட்டத்தின் இரைச்சலில் வார்த்தைகள் மூழ்குகின்றன. என்ன நடந்தது என்று தெரியாமலே அறையில் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். அன்றிரவு செய்தியில் சில நொடிப் படம். பிறகு ஐம்பது ஆண்டுகளில் அதே படம் ஆயிரம் முறை. கேட்ட குரலும் பிறகு பார்த்த படமும் ஒன்றோடொன்று கலந்து, இறுகி, 'நான் அங்கிருந்தேன்' என்ற ஒற்றை நினைவாக மாறுவதில் வியப்பென்ன? தெருக்கூத்தில் திரௌபதியின் துகிலை உரியும்போது அரற்றி அழுத கிழவி, அஸ்தினாபுரத்து அவையில் நான் இல்லையே என்று தன்னைத் தடுத்துக்கொள்வதில்லை.

அந்தப் படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதை எழுதுமுன் அதை மீண்டும் பார்த்தேன். ஹாரிஸ் பந்தை அள்ளும் கணத்தில் பந்துக்கும் தரைக்கும் இடையே இருந்த இடைவெளியை முன்பு பார்த்திருக்கிறேன் என்று சத்தியம் செய்திருப்பேன். பார்க்கப் பார்க்க, நான் கண்டதாக நினைத்த இடைவெளி படத்தில் இல்லை. பந்து தரையைத் தொட்டதா இல்லையா என்று ஐயத்துக்கிடமின்றிக் காட்டும் கோணம் எதுவும் இல்லை. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பிறந்து, அந்த ஆட்டத்தின்மேல் எந்த உரிமையும் இல்லாத நானே பார்க்காததைப் பார்த்திருக்கிறேன். அந்த முதியவரை நான் எந்த வாயால் பொய்யர் என்பது?

பெயருக்கு வருகிறேன். ஆசிரியத் தொழிலில் இருப்பவனால் அதைத் தாண்டிப் போக முடியாது. அன்றிரவு உள்ளூர் ஒளிபரப்பாளர் மைரன் கோப்புக்கு ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்து, தம் நண்பர் சூட்டிய பெயர் இது என்று ஒன்றைச் சொன்னார். கோப் அதைச் செய்தியில் சொல்ல, பெயர் நிலைத்துவிட்டது: 'இம்மாக்குலேட் ரிசெப்ஷன்'. இத்தாலியர்களும் போலந்துக்காரர்களும் ஐரிஷ்காரர்களும் ஸ்லோவாக்கியர்களும் நிறைந்த கத்தோலிக்க ஊர் அது. மரியாள் ஜென்மப் பாவத்தின் கறையின்றித் தன் தாயின் வயிற்றில் உருவானாள் என்ற 'இம்மாக்குலேட் கன்செப்ஷன்' கோட்பாட்டைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'அமலோற்பவம்' என்று அழகாக மொழிபெயர்த்து டிசம்பர் 8 அன்று திருநாள் கொண்டாடுகிறார்கள். அமெரிக்கக் கால்பந்தில் எறிந்த பந்தைப் பிடிப்பதற்கு 'ரிசெப்ஷன்' என்று பெயர். சிலேடை அவ்வளவு எளிமையானது. தமிழில் கொண்டுவர முயன்று தோற்றேன். 'அமலோற்பிடிப்பு' என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் ஒரு பருவம் முழுவதும் சிரிப்பார்கள்.

ஆனால் சிரிப்பை விலக்கிவிட்டுப் பார்த்தால், அமலம் என்பது மாசின்மை. பிடிப்பில் மாசு உண்டா இல்லையா என்பதுதான் வழக்கே. பெயரிலேயே தீர்ப்பை எழுதிவிட்டது பிட்ஸ்பர்க். ஓக்லண்ட் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? முதல் எழுத்தை மட்டும் மாற்றி 'டிசெப்ஷன்' ஆக்கினார்கள்: மாசற்ற வஞ்சகம். ஆங்கிலத்திலும் ஓரெழுத்து வேறுபாடுதான். இதைவிடப் பொருத்தமான பாடபேதம் எந்தச் சுவடியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இங்கேதான் எனக்கும் பிட்ஸ்பர்க் ரசிகர்களுக்கும் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. வென்றவர்களின் நினைவு பதிப்பாகிவிடும்போது தோற்றவர்களின் நினைவு அடிக்குறிப்பிலாவது இருக்க வேண்டும். சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், தாம் ஏற்காத பாடத்தையும் கீழே காட்டினார். வாசிப்பவர் முடிவு செய்துகொள்ளட்டும் என்ற நாகரிகம் அது. ஓக்லண்ட் பயிற்சியாளர் ஜான் மேடன் 2021இல் இறக்கும்வரை அந்தத் தோல்வியை ஆறவிட்டதில்லை. ஹாரிஸைத் தொடர வேண்டிய ஃபில் வில்லபியானோ, தன்னைப் பிட்ஸ்பர்க் வீரர் ஒருவர் பின்னாலிருந்து விதிமீறித் தடுத்தார், அது கவனிக்கப்படவேயில்லை என்று சொல்லிவந்தார். அதே வில்லபியானோ ஹாரிஸின் நெருங்கிய நண்பராகவும் ஆனார் என்பது தனிச் செய்தி. பிட்ஸ்பர்க் விமான நிலையத்தில் பந்தை அள்ளும் ஹாரிஸின் உருவச்சிலையை ஜார்ஜ் வாஷிங்டன் சிலைக்கு அருகே நிறுவினார்கள். மைதானம் 2001இல் தகர்க்கப்பட்டபின், பந்து பிடிக்கப்பட்ட இடத்தைக் கண்டறிந்து 2012இல் நினைவுச் சின்னம் பதித்தார்கள். டேட்டம் நின்ற இடத்துக்கும் வில்லபியானோ விழுந்த இடத்துக்கும் யார் கல் நடப் போகிறார்கள்?

அறிவியல் இதைத் தீர்க்க முயன்றதுண்டு. கார்னெகி மெலன் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜான் ஃபெட்கோவிச், 2004இல் பந்து தெறித்த வேகத்தையும் திசையையும் ஆராய்ந்து, எதிர்த்திசையில் ஓடிவந்த டேட்டம்மீது பட்டிருந்தால்தான் அவ்வளவு தூரம் பின்னால் வந்திருக்க முடியும் என்று முடிவு செய்தார். பந்தைச் சுவரில் எறிந்தும் சோதித்தார். எனக்கு அந்த வாதம் ஏற்புடையதாகவே படுகிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து பிட்ஸ்பர்க்குக்குச் சாதகமான முடிவு வந்ததை ஓக்லண்ட் ரசிகர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று ஊகிப்பதும் கடினமல்ல.

இன்னொரு குறையும் உண்டு. அது ரசிகர்கள் தமக்கே செய்துகொண்டது. அந்தப் பிடிப்பிலிருந்துதான் பொற்காலம் தொடங்கியது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். 1974க்கும் 1979க்கும் இடைப்பட்ட ஆறு பருவங்களில் நான்கு சூப்பர் பவுல் வெற்றிகள், மறுப்பதற்கில்லை. ஆனால் 1972 டிசம்பர் 31 அன்று, அதே மைதானத்தில், அந்தப் பருவம் முழுவதும் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காத மயாமி டால்ஃபின்ஸிடம் பிட்ஸ்பர்க் 21–17 என்று தோற்றது. அற்புதம் நடந்த எட்டாம் நாள். அதை யாரும் நினைவுகூர்ந்து கூடுவதில்லை. 'அங்கிருந்தேன்' என்று அந்த ஆட்டத்தைச் சொல்லிப் பெருமைப்படுபவரை என் தோழர் இதுவரை சந்தித்ததில்லையாம். அற்புதம் எதையும் உடனே மாற்றவில்லை, அடுத்த வாரமே பழைய தோல்வி வந்து கதவைத் தட்டியது என்பதையும் சேர்த்துச் சொன்னால் கதை குறைந்துவிடாது, கூடும் என்பது என் எண்ணம்.

ஆனாலும் அவர்கள் அதை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு விளங்காமலில்லை. 1980களில் அந்தப் பள்ளத்தாக்கின் உருக்காலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பெரும்பெயர் பெற்ற ஹோம்ஸ்டெட் ஆலை 1986இல் மூடியது. இளைஞர்கள் வேலை தேடித் தெற்கேயும் மேற்கேயும் போனார்கள். இன்று அமெரிக்காவின் எந்தப் பெருநகரிலும் ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் கூடும் மதுவிடுதி ஒன்று இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் அணியின் வெற்றிகள் மட்டுமல்ல, ஊர் கலைந்துபோனதும்தான். தன் ஆலை நின்ற இடத்தில் கடைவளாகத்தைப் பார்க்கும் ஒருவனுக்கு, ஊர் ஊராக இருந்த கடைசி நாட்களின் அடையாளமாக அந்தச் சனிக்கிழமை மிஞ்சுகிறது. ஓக்லண்டின் கதை வேறு வகை. அவர்களுடைய அணியே 1982இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய், 1995இல் திரும்பி வந்து, 2020இல் லாஸ் வேகாஸுக்கு நிரந்தரமாகக் குடிபெயர்ந்துவிட்டது. ஒரு நகரத்துக்கு அணி மிஞ்சியது, எஃகு போயிற்று. மற்றதற்கு அணியும் இல்லை, குறை மட்டும் மிஞ்சியது. இரண்டும் 1972இன் அதே நொடிகளைத்தான் பற்றிக்கொண்டிருக்கின்றன.

2022 டிசம்பரில் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு நாள் குறித்தார்கள். ஹாரிஸின் 32ஆம் எண் சட்டையை இனி யாரும் அணியாதபடி ஓய்வு கொடுப்பதாகத் திட்டம். விழாவுக்குச் சில நாட்களே இருக்கும்போது ஹாரிஸ் தம் 72ஆம் வயதில் இறந்துபோனார். டிசம்பர் 24 அன்று உறையும் குளிரில், அவர் இல்லாமலே விழா நடந்தது. எதிரணி அதே ரெய்டர்ஸ். கடைசி நிமிடத்தில் டச்டவுன் அடித்து 13–10 என்று பிட்ஸ்பர்க் வென்றது. கதாசிரியன் ஒருவன் இப்படி முடித்திருந்தால் நான் மதிப்பெண் குறைத்திருப்பேன்.

இதையெல்லாம் அண்மையில் தோழரிடம் சொன்னேன். முதியவர் பொய் சொல்லவில்லை, ஊர் கண்டதை அவர் தம் கண்ணில் ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்றேன். தோழர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அன்று முழுவதையும் நான் உனக்குச் சொல்லவில்லை என்று தொடங்கினார். கார்க்கொட்டகை விஷயத்தைச் சொல்லிவிட்டு அந்த அம்மையார் உள்ளே எட்டிப் பார்த்து, கணவர் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தி இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார்: "ஆனால் பந்து டேட்டமின் தோளில்தான் பட்டது. அதை நான் பார்த்தேன்."